மேடையிலே ‘கேள்!’ வீட்டிலே ‘வாயை மூடு!’

சிதம்பரத்திலே கூட்டம். “ஏன் என்று கேள்! எதற்கு என்று கேள்! கேட்காதவன் அடிமை!” என்று தொண்டை வறள முழங்கிவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு, கடைசிப் பேருந்தைப் பிடித்துக் கடலூர் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை, ஒன்பது வயது மகளிடம், “தம்பி சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடம்மா” என்றேன். “அவன் சாப்பிட்ட தட்டை நான் ஏன் அப்பா எடுக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டாள்.

கையை ஓங்கிவிட்டேன், தோழர்களே!

ஓங்கிய கை பாதியிலே நின்றது. முந்திய இரவு எந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி ஊரைத் தூண்டினேனோ, அந்தக் கேள்வியைத்தானே அவள் கேட்டாள்? ஊரார் வீட்டுப் பிள்ளை கேட்டால் பகுத்தறிவு. நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் வாய்க்கொழுப்பா?

என் வீட்டுக் கதையோடு இது முடிந்துவிட்டால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். முதுநகரிலே மூட்டை தூக்குகிற தோழரும், சிப்காட் ஆலையிலே இரவு ஷிப்டு பார்க்கிற தோழரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். மேஸ்திரி ஏசினான், எதிர்த்துப் பேச முடியவில்லை. விழுங்கிய அந்தக் கோபம் வீடு வரை வருகிறது. வந்து யார் முதுகிலே இறங்குகிறது? பள்ளிப் பையோடு நிற்கிற பாலகன் முதுகிலே! ‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழி வேறு. மாட்டுக்குச் சொன்னதை மகனுக்குச் சொல்லலாமா? அடி வாங்கிய பிள்ளை திருந்துவதில்லை, மறைக்கக் கற்றுக்கொள்கிறது. மார்க் அட்டையை ஒளிக்கும், கையெழுத்தைத் தானே போடும். அப்பன் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் பொய்யைத் தயார் செய்யும். 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளியிலே பிள்ளையை அடிப்பதையும் மனம் நோக வதைப்பதையும் தடை செய்துவிட்டது. வாத்தியார் கீழே வைத்த பிரம்பை அப்பன் எடுத்துக்கொள்வதா?

“அடிக்காமல் விட்டால் பொறுப்பு எப்படி வரும்?” என்பீர்கள். பொறுப்பைக் கொடுத்தால் வரும்! தின்ற தட்டைக் கழுவட்டும், தன் பையைத் தானே அடுக்கட்டும், குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஆணும் செய்யட்டும், பெண்ணும் செய்யட்டும்.

இதைச் சொன்னதும் தேநீர்க் கடையிலே ஒரு தோழர் சண்டைக்கே வந்துவிட்டார். “1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த இயக்கமய்யா நாம்! பிள்ளைக்கு வேலை கொடு என்று நீரா பேசுவது?” என்றார். நல்ல கேள்வி. கேட்டவரை அணைத்துக்கொண்டேன். அந்தத் திட்டம் என்ன செய்தது? கிராமத் தொடக்கப் பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றது. வண்ணார் மகன் வெளுக்க வேண்டும், குயவர் மகன் சக்கரம் சுற்ற வேண்டும்! நாடு கொதித்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அப்பன் தொழிலை மகன் தலையிலே கட்டுவது வேறு. அவன் தின்ற தட்டை அவன் கையிலே கொடுப்பது வேறு. படிக்கிற நேரத்தைத் தின்னாத வேலை, பெண்ணுக்கு மட்டும் என்று ஒதுக்காத வேலை, நாளைக்கு இதுதான் உன் பிழைப்பு என்று முத்திரை குத்தாத வேலை. அதைத்தான் சொல்கிறேன்.

சிதம்பரத்திலே 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினாரே, எதற்காக? ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளையின் கையிலே ஏடு இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த ஏட்டை நம் பிள்ளை கையில் கொடுத்துவிட்டோம். கொடுத்ததோடு நம் வேலை தீர்ந்ததா?

வயிற்றை அரசு கவனிக்கிறது. 1956-ல் காமராசரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 முதல் காலைச் சிற்றுண்டி. காதைக் கொடுப்பது யார்? பிள்ளை ஓடிவந்து கதை சொல்கிறது. நாம் கைப்பேசியைத் தேய்த்தபடி ‘ம்’ கொட்டுகிறோம். “மார்க் எவ்வளவு?” என்பதைத் தவிர வேறு கேள்வி தெரியாதா நமக்கு? “இன்று யாரோடு விளையாடினாய்? யாராவது சண்டை போட்டார்களா?” என்று கேட்டுப் பாருங்கள், வீட்டுக்குள்ளே ஓர் உலகமே திறக்கும். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். வட்டக் கூட்டத்துக்கு அரைநாள் கூலியை விட்டு வருகிற நாம், பள்ளிக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போனோம்? ‘அவள் போய்க்கொள்வாள்’ என்று மனைவியை அனுப்பிவிட்டோம்.

அன்று காலை ஓங்கிய கையை இறக்கிவிட்டு, “நீ கேட்டது சரிதானம்மா, அப்பா செய்ததுதான் தப்பு” என்றேன். மகள் நம்பாமல் பார்த்தாள். ஆறு வயதுப் பையனைக் கூப்பிட்டுத் தட்டைக் கழுவச் சொன்னேன். பாதித் தண்ணீர் சட்டையிலே. தட்டிலே பருக்கை அப்படியே ஒட்டியிருந்தது. மறுநாளும் அப்படித்தான். நான்காம் நாள் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

“உங்கள் தட்டு, அப்பா?”