நடுப்புள்ளியைக் காணோம்!

ட்ரிகர்ல பச்சை விளக்கு எரியுது. சேனல் சரி. பேட்டரி புதுசு. ஷட்டரை அமுக்கினா ஃபிளாஷ் மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்குது. உடனே நம்மாளுங்க சொல்ற தீர்ப்பு என்ன? "சீப்பா ஃபிளாஷ் வாங்கினா இப்படித்தான்!"

அட, ஃபிளாஷைத் திட்டுறதுக்கு முன்னாடி கேமராவோட உச்சந்தலையைப் பாருங்க சாமி. ஹாட் ஷூவுக்கு நடுவுல பெரிய புள்ளி ஒண்ணு இருக்கணும். கேனன் 1500டி, 3000டி (ரெண்டும் 2018), 200டி டூ (2019) வச்சிருக்கீங்களா? தேடாதீங்க, கிடைக்காது. ஓரத்துல நாலு குட்டிப் புள்ளிதான் இருக்கும்.

அந்த நடுப்புள்ளி பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லீங்க. அதுவும் ஷூவோட உலோக விளிம்பும் சேர்ந்து ஒரு சுவிட்ச். ஷட்டர் முழுசா திறந்ததும் கேமரா ரெண்டையும் இணைக்கும், ஃபிளாஷ் வெடிக்கும். அவ்வளவுதான். ஷூவோட அளவுக்கு ஐஎஸ்ஓ 518, மின்சார விஷயத்துக்கு ஐஎஸ்ஓ 10330-ன்னு ஸ்டாண்டர்டே இருக்கு. எவன் செஞ்ச ஃபிளாஷும் எவன் செஞ்ச கேமராவுலயும் எரிஞ்சதுக்கு இதான் காரணம். நாலு குட்டிப் புள்ளி பேசுறது கேனனோட சொந்த பாஷை.

சொந்த பாஷை வச்சுக்கட்டும், தப்பில்லை. நாங்க சாஃப்ட்வேர்ல புது வசதி சேர்ப்போம். ஆனா ஊரே நம்பியிருக்கிற பழைய இன்டர்ஃபேஸைச் சத்தமில்லாம பிடுங்கினா, மேனேஜர் சட்டையைப் பிடிப்பார்.

"செலவு மிச்சம்"னு சிலர் வக்காலத்து வாங்குறாங்க. நாலு புள்ளிக்குக் காசு இருக்காம், அஞ்சாவதுக்கு இல்லையாம்! "பழைய ஃபிளாஷோட வோல்டேஜ் கேமராவைக் கெடுத்துடும்"னு இன்னொரு கட்சி. கேமரா 24 வோல்ட் வரைக்கும் தாங்கணும்னு அந்த ஐஎஸ்ஓ 10330-லயே இருக்கே? அப்படிப் பயந்தா விலை கூடின மாடல்ல மட்டும் ஏன் விட்டு வச்சாங்க?

எனக்கு வயிறு எரியறது இங்கதான். முதல் கேமராவா மலிவான மாடல் வாங்குறவன்தான் மலிவான மேனுவல் ஃபிளாஷையும் தேடுவான். வெட்டு சரியா அவன் தலையிலதான் விழுது.

1988-ல மினோல்டா தனி ஷூ போட்டுச்சு. அதைத் தூக்கிச் சுமந்த சோனியே 2012-ல பொது வடிவத்துக்குத் திரும்பிடுச்சு. ஒருத்தர் திருந்தி ஆறு வருஷத்துல இன்னொருத்தர் ஆரம்பிக்கிறார். என்னத்த சொல்ல!

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? ஃபிளாஷை எஸ்2 மோடுல போட்டு, கேமராவோட குட்டி ஃபிளாஷைத் தூக்கி விடுங்க. அந்த வெளிச்சத்தைப் பார்த்து இது எரியும். எஸ்1 வேணாம், அளவு பார்க்க வர்ற முன்மின்னலுக்கே ஏமாந்து முந்திக்கும். நடுவுல ஆள் மறைச்சாலோ, வெளியில நல்ல வெயிலடிச்சாலோ இந்த வித்தை பலிக்காது. கேனன் பாஷை தெரிஞ்ச சில புது ட்ரிகர்களும் ஓடும். உங்க மாடல் பேர் அதோட பட்டியல்ல இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

இன்னும் வாங்கலையா? கடையில மெகாபிக்சல் கேட்கிறதுக்கு முன்னாடி, "அண்ணே, நடுப்புள்ளி இருக்கா?"ன்னு கேளுங்க. நாலு பேர் கேட்டு வாங்காம வந்தாத்தான் அவங்களுக்கு உறைக்கும்.