நீலகிரிக்கு அனுமதிச் சீட்டு

நீலகிரி ஜில்லாவுக்குள் புகும் வெளியூர் மோட்டார் வண்டிகள், ஜனங்கள் இ-பாஸ் என்று வழங்கும் மின்னணு அனுமதிச் சீட்டைப் பெற்றே செல்ல வேண்டுமென்று சென்னை ஹைக்கோர்ட்டார் பிறப்பித்த உத்தரவு 2024-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி அமுலுக்கு வந்தது. மறு வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் முடியவுள்ள காலத்துக்கு, சாதாரண நாட்களில் 6,000 வண்டிகளும், வார இறுதியில் 8,000 வண்டிகளுமே மலையேறலாமென்று கோர்ட்டார் வரம்பும் விதித்தனர். கொடைக்கானலுக்கு அவ்வரம்பு முறையே 4,000-மும் 6,000-மும் ஆயிற்று.

இவ்வுத்தரவை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். ஆயினும் இது பாதி வேலையே என்பது நமது அபிப்பிராயம். சீட்டு வண்டியை எண்ணுகிறது. மலைக்கு வரும் மனிதனை வேறு வழியில் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு எங்கே? இருவர் ஏறிவரும் காருக்கும் ஒரு சீட்டு, எழுவர் நெருக்கியடித்து வரும் வண்டிக்கும் ஒரு சீட்டு. இதனால் வசதியுள்ளவன் முந்திக்கொள்வான். கார் இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு இதில் ஒரு நன்மையும் விளையாது.

நூதன சாதனம் என்றால் கைபேசித் திரையில்தான் தோன்றும் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் 1899-லும், உதகமண்டலம் வரையில் 1908-லும் ஓடத் தொடங்கிய மலை ரயிலைப் பாருங்கள். கல்லாற்றுக்கு மேலே, ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடித்துப் பெட்டிகளைத் தள்ளிச் செல்கிறது. 2005-ல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தனர். நமக்கோ அது புகைப்படம் எடுக்கும் வேடிக்கைப் பொருளாக நின்றுவிட்டது. அந்தச் சிறு ரயில் ஒன்றே கோடைக் கூட்டம் முழுவதையும் சுமக்க முடியாதென்பது மெய்தான். மீதிப் பாரத்தைப் பஸ்களே சுமக்க வேண்டும்.

அன்னிய ஆட்சியில், வெயில் தொடங்கியதும் சென்னை ராஜதானியின் கவர்னரும் பரிவாரமும் உதகைக்குக் குடியேறுவது வழக்கமாயிருந்தது. ஏழை நாட்டின் வரிப்பணத்தில் எஜமானர்களுக்குக் குளிர்காற்றா என்று அக்காலத் தேசியப் பத்திரிகைகள் கண்டித்தன. இன்று எஜமானர்கள் இல்லை. ஆனால் மலையை நாலு நாள் உல்லாசத்துக்குரிய இடமாக மட்டும் கருதும் அந்தப் புத்தி நம்மிடம் தங்கிவிட்டதோ என்று ஐயுறுகிறோம். தோடரும், கோத்தரும், படகரும், குறும்பரும், இருளரும் அங்கே வாழ்கின்றனர். சோலைக்காடும் புல்வெளியும் உறிஞ்சித் தேக்கும் மழைநீரே மாயாறாகவும் பவானியாகவும் இறங்கிப் பவானிசாகரில் கூடிக் கொங்குநாட்டு வயல்களுக்குப் பாய்கிறது. ஆகையால் இது மலைவாசிகளின் வழக்கு மட்டுமன்று. சமவெளி விவசாயியின் வழக்குமாகும். சீகூர்ப் பகுதியில் யானைகளின் வழியை மறித்து விடுதிகள் எழுந்ததும், அவ்வழியைக் காக்கும் சர்க்கார் அறிவிப்பைச் சுப்ரீம் கோர்ட்டார் 2020 அக்டோபரில் உறுதி செய்ததும் வாசகர்கள் அறிந்தவையே.

மலையிலுள்ள வியாபாரிகள் இந்தச் சீட்டை எதிர்த்து 2025 ஏப்ரலில் கடையடைப்புச் செய்தனர். அவர்களை வெறும் லாபக்காரர் என்று தள்ளிவிடுவது அநியாயம். கோடை இரண்டு மாதத்தில் ஈட்டுவதைக் கொண்டே வருஷம் முழுவதும் வாழ்வோர் பலர். டாக்ஸி ஓட்டுவோனும், விடுதிச் சிப்பந்தியும், வர்க்கி விற்பவனும் அவர்களில் அடங்குவர். இவர்களுக்கு வேண்டியது ஆள் வரவு, கார் வரவன்று. பஸ்ஸில் வருபவனுக்கும் பசிக்கும். அவனும் உள்ளூர் டாக்ஸியில்தான் ஊர் சுற்றுவான்.

ஆகவே மேட்டுப்பாளையத்திலும் கூடலூர்ப் பக்கத்திலும் வண்டிகளை நிறுத்த விசாலமான இடம் ஒதுக்கி, அங்கிருந்து மின்சார பஸ்களைக் குறைந்த கட்டணத்தில் இடைவிடாமல் ஓட்டும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம். பிரயாணிகளிடம் வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கு மலைப் பஞ்சாயத்துக்களின் குடிநீருக்கும் குப்பை அகற்றலுக்கும் சேர வேண்டும். அதன் கணக்கை ஊரார் முன்னிலையில் வாசிக்கவும் வேண்டும். பஸ்களை அடுத்த கோடைக்கு முன்னரே வாங்கித் தயாராக வைக்க வேண்டும். மே மாதம் பிறந்த பிறகு கமிட்டி நியமிப்பதில் யாதொரு பயனுமில்லை.