100-க்கு 144: ஹூக்ளிக் கரை ஆலைகளை முடக்கிய கணக்கு

நியூ மார்க்கெட்டை அடுத்த மார்க்விஸ் தெருவில், பணம் மாற்றும் கடைகளின் வாசலில் எழுதிப் போட்டிருக்கும் எண்களைப் பலரும் பார்த்தும் பாராமலும் கடந்து போவதுண்டு. வங்கதேச நாணயமான டாகாவின் விலை அது. 2022 தொடக்கத்தில் 100 டாகாவுக்கு ஏறக்குறைய 87 ரூபாய் மதிப்பிருந்தது. 2025 மத்தியில் அது 70 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. இடையே, 2024 மே 8 அன்று, அந்நாட்டு மத்திய வங்கி ஒரே நாளில் டாலரின் விலையை 110 டாகாவிலிருந்து 117 ஆக உயர்த்தியது.

ஹவுராவிலிருந்து தெற்கே செல்லும் ரயில்களில் வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்திற்குப் போகும் வங்கதேசத்தினருக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். ஒரு லட்ச ரூபாய் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பு 1,15,000 டாகா போதுமானதாக இருந்தது. பின்னர் 1,43,000 தேவைப்பட்டது. ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகளுக்கோ கவலை வேறு விதம். டாகா இறங்க இறங்க, அங்கிருந்து வரும் சாக்கும் நூலும் இங்கே மலிவாகின்றன. அந்நாட்டு சர்க்கார் ஏற்றுமதிக்குத் தரும் ரொக்கச் சலுகை வேறு இருக்கிறது. 2017 ஜனவரியிலேயே இந்தியா இச்சரக்குகளுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. 2025 ஜூன் 27 அன்று, சணல் பொருள்கள் பலவும் தரை மார்க்கமாக வருவதற்கே தடை போட்டது. கொல்கத்தாவுக்குச் சுமார் 80 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள பெட்ராபோல் வழியாக வந்த சரக்கு, இனிக் கப்பலேறித் தீபகற்பத்தைச் சுற்றி மகாராஷ்டிரத்தின் நவ சேவா துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும் என்பது உத்தரவு.

எல்லைக்கு இருபுறமும் சணலும் நாணயமும் மோதிக்கொள்வது இது முதல் தடவையல்ல. 1949-இல் நடந்த மோதல் இதைவிடக் கடுமையானது.

தேசப் பிரிவினையின்போது அவிபக்த இந்தியாவின் சணல் விளைச்சலில் ஏறக்குறைய முக்கால் பங்கு கிழக்கு வங்காளத்தில் இருந்தது. ஆலைகளோ நூற்றுக்கு மேற்பட்டவை, பெரும்பாலும் கல்கத்தாவைச் சுற்றி. கிழக்கே ஒரு சணல் ஆலைகூட இல்லை. வயல் ஒரு நாட்டிலும் தறி வேறு நாட்டிலும் ஆகிவிட்டன. ஆனாலும் ஒரு பாகிஸ்தான் ரூபாய்க்கு ஒரு இந்திய ரூபாய் என்ற சமநிலை இருந்தவரை வியாபாரம் ஒருவாறு ஓடிற்று.

1949 செப்டம்பர் 18 அன்று பிரிட்டன் பவுனின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 ஆகக் குறைத்தது. இந்தியாவும் உடனே பின்பற்றியது. டாலருக்கு 3.31 ரூபாய் என்றிருந்தது 4.76 ஆயிற்று. பாகிஸ்தான் மட்டும் மறுத்துவிட்டது. உலகமே தன் சணலை நம்பியிருக்கும்போது ஏன் விலையைக் குறைக்க வேண்டும் என்பது கராச்சியின் வாதம். ஆகவே கணக்குப்படி 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் கொடுக்க வேண்டும். நேற்றுவரை 100 ரூபாய்க்கு வாங்கிய அதே சணலுக்கு இன்று 144 ரூபாயா என்று டெல்லி கேட்டது. அந்த விகிதத்தை ஏற்க மறுத்தது. விகிதம் இல்லாவிட்டால் பில் போட முடியாது. பில் இல்லாமல் சரக்கு எப்படி நகரும்? சணல் வரத்து நின்றது. டிசம்பரில் இந்தியா நிலக்கரி அனுப்புவதை நிறுத்தியது.

இதை இரு சர்க்கார்களும் மானப் பிரச்சினையாகக் கருதின. ஆனால் அவதிப்பட்டவர்கள் வேறு. இங்கே தறிகளில் ஒரு பகுதிக்கு முத்திரை வைத்தார்கள். வேலை நேரத்தைக் குறைத்தார்கள். பீகார், ஒரிசா, ஐக்கிய மாகாணம், ஆந்திரக் கரையோரம் ஆகிய இடங்களிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளர்களின் வாரக் கூலி குறைந்தது. (ஆலைகளில் ‘மதராசி’ எனப்பட்டவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர்களே.) அங்கே வாடிக்கையான கல்கத்தா வியாபாரி வராததால், விவசாயி விளைந்த சணலை வைத்துக்கொண்டு விழித்தான். இரவு நேரத்தில் எல்லை தாண்டிய சணலுக்கு மட்டும் விகிதம் ஒரு தடையாக இருக்கவில்லை!

1950 ஜூனில் கொரியா யுத்தம் மூண்டது. சாக்குக்கும் சணலுக்கும் உலகெங்கும் கிராக்கி ஏறியது. பாகிஸ்தானுக்கு வேறு வாடிக்கைக்காரர்கள் கிடைத்தார்கள். கடைசியில், 1951 பிப்ரவரி ஒப்பந்தத்தில் இந்தியா 144 என்ற அதே எண்ணை ஒப்புக்கொண்டது. பதினேழு மாத வீம்பு அத்தோடு முடிந்தது. ஜெயித்த பாகிஸ்தானாலும் அந்த எண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. 1955 ஜூலை இறுதியில் தன் ரூபாயை டாலருக்கு 4.76 என்று குறைத்து, பழைய சமநிலைக்கே வந்து சேர்ந்தது.

எண் பழைய இடத்துக்குத் திரும்பியது, வியாபாரம் திரும்பவில்லை. தகராறு நடந்த காலத்தில் இரு தரப்பும் மற்றவனிடமிருந்ததைத் தானே உண்டாக்கிக்கொள்ள முனைந்தன. மேற்கு வங்காளம், அஸ்ஸாம், பீகார், ஒரிசாவில் நெல் வயல்கள் பல சணல் வயல்களாயின. உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் இது நடந்தது என்பதை மறக்கலாகாது. அந்தப் பக்கம் 1950 டிசம்பரில் சால்னா துறைமுகம் திறக்கப்பட்டது; 1951-இல் நாராயண்கஞ்சில் ஆதம்ஜி ஆலை ஓடத் தொடங்கியது. கல்கத்தா துறைமுகத்துக்கு வந்த சரக்கின் ஒரு பங்கு அன்று போனது போனதுதான்.

உயர்த்தி வைத்த ரூபாயால் கிழக்கு வங்காள விவசாயிக்கு என்ன கிடைத்தது? சணல் விற்று வந்த டாலர்கள், மலிவு விலையில் மேற்குப் பாகிஸ்தானின் யந்திர இறக்குமதிக்குப் போயின. இந்த மனக்குறை ஆறவில்லை. 1966-இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் முன்வைத்த ஆறு அம்சங்களில் மூன்றாவது, இரு பகுதிகளுக்கும் தனித்தனி நாணயம் என்பதே. 1972-இல் டாகா பிறந்தபோது இந்திய ரூபாய்க்குச் சமமாகவே வைக்கப்பட்டது. முதல் நோட்டுகள் அச்சானதும் நாசிக்கில்தான். அந்தச் சமநிலை மூன்றாண்டுகளுக்குச் சற்று மேல்தான் நின்றது எனலாம். 1975 மே மாதம் டாகாவின் மதிப்பு வெகுவாகக் குறைக்கப்பட்டது.

ஆசியாவின் பெரிய சணல் ஆலைகளுள் ஒன்றான ஆதம்ஜி, 2002 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. ஹூக்ளிக் கரையிலும் கதவடைப்பு நோட்டீஸ் புதிதல்ல. வங்கதேசச் சாக்கு மீதான வரியை இந்தியா 2022 டிசம்பர் இறுதியில் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தது. ஆகவே 2027 முடிவில் டெல்லி மறுபடியும் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தாக வேண்டும்.