பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

புது பேட்டரி போட்டு இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் சாவியைத் திருப்பினால் மறுபடியும் அதே 'டக்' சத்தம். ஹாரன் அடிக்கிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. அடுத்த பலி செல்ஃப் மோட்டார். கார்பன் பிரஷ், புஷ், சாலினாய்டு என்று ஒவ்வொன்றாக மாறும், பில்லும் வளரும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் ஒரு முழ நீளப் பின்னல் கம்பியும், அதன் போல்ட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் துருவும் கடைசி வரை யார் கண்ணிலும் படாது.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் இந்தக் கூத்துக்கு மெக்கானிக்கின் திறமைக் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அளந்து பார்ப்பதற்குக் கூலி இல்லை, மாற்றிப் போடுவதற்குத்தான் கூலி என்கிற ஏற்பாடே பெரிய காரணம்.

காரில் மின்சாரம் போவதற்குத்தான் ஒயர் உண்டு. திரும்பி வருவது பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே இன்ஜினிலிருந்து பாடிக்கோ, நேராக பேட்டரிக்கோ தடித்த எர்த் கம்பி ஒன்று கட்டாயம் வேண்டும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் மொத்தமும் அந்தக் கம்பி வழியாகத்தான் திரும்பியாக வேண்டும்.

எவ்வளவு மின்சாரம்? சிறிய பெட்ரோல் காரிலேயே 150 ஆம்பியரை எளிதில் தொடும். டீசலுக்கு இன்னும் அதிகம். இங்கேதான் பள்ளியில் படித்த ஓம் விதி வேலைக்கு வருகிறது. துருவாலோ பெயின்ட்டாலோ எர்த் இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு போல்ட்டில் 3 வோல்ட் காணாமல் போகும். அதாவது 450 வாட் அங்கேயே சூடாக வீணாகிறது. அதே தடை வழியாக 5 ஆம்பியர் மட்டும் ஓடினால் இழப்பு 0.1 வோல்ட்தான், எந்த விளக்கும் அதற்காக மங்காது. "லைட் எரியுது, அப்போ கரண்ட் சரியாத்தான் இருக்கு" என்ற தீர்ப்பு தவறிப்போவது இதனால்தான்.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துக் கம்பியைச் சோதிப்பதும் ஏமாற்றும். பின்னலில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அந்த ஒற்றை இழையால் 150 ஆம்பியரைத் தாங்க முடியாது என்பதை அது சொல்லாது. சோதனை, பாரம் ஏறியிருக்கும்போது நடக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே (மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல) வைக்க வேண்டும்; மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி அந்தப் பாதையில்தான் இருக்கிறது. முழுதாக இரண்டு நிமிட வேலை.

மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிள் ஒன்று போதும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பெல்ட்டும் ஃபேனும் சுற்றும் இடத்திலிருந்து கேபிளை விலக்கி வைத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு இணைப்புக் கொடுத்துப் பார்க்கலாம். அதுவரை முனகிய செல்ஃப் சடாரென்று சுற்றினால் பேட்டரிக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

பழைய கார்களில் இன்னொரு விநோதமும் உண்டு. எர்த் கம்பி அறுந்துபோனால் மின்சாரம் சும்மா இருப்பதில்லை. கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் என்று இரும்பாலான எந்த வழி கிடைத்தாலும் அதில் புகுந்துவிடும். ஸ்டார்ட் செய்ய முயலும்போது சோக் குமிழிலிருந்து புகை வந்தால், கேபிளை மாற்றிப் பயனில்லை.

இதனால் பேட்டரி எப்போதும் நிரபராதி என்று ஆகிவிடாது. இந்த ஊர் வெயிலில் பேட்டரியின் ஆயுள் குறையத்தான் செய்கிறது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12-க்கு இறங்கியிருந்தாலோ, ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலோ, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் செத்துப்போவதுபோல் மங்கினால் பேட்டரியோ அதன் டெர்மினலோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். லைட் மங்காமல் 'டக்' சத்தம் மட்டும் வந்தால் இன்ஜின் எர்த்தையும் செல்ஃபையும் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கேட்டு அறியாமலேயே "பேட்டரி போச்சு சார்" என்று சொல்லிவிடுவதுதான் குற்றம்.

மின்சார செல்ஃப் மோட்டார் புதிய சங்கதி அல்ல. கேடிலாக் நிறுவனம் 1912-ஆம் ஆண்டின் கார்களிலேயே சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டரைப் பொருத்திவிட்டது. சென்னை பாடியில் 1960-களிலிருந்து லூகாஸ் டிவிஎஸ் செல்ஃப் மோட்டார் தயாரித்துவருகிறது. அதே சென்னையின் பல பட்டறைகளில் வோல்ட் இழப்பைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் நுழையவில்லை. கடற்கரை ஊர்களில் இதற்கான தேவை இரட்டிப்பு. உப்புக்காற்று டெர்மினல்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் மூழ்கிய கார்களை நினைத்துப் பார்க்கலாம். சீட்டைக் காயவைத்து, ஆயிலை மாற்றி, வண்டி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் எர்த் போல்ட்டுகளில் துரு தொடங்குவதே அதற்குப் பிறகுதான். பழைய கார் வாங்குகிறவர் பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கும் அக்கறையில் பாதியை இந்த போல்ட்டுகளுக்குக் காட்டலாம்.

இப்போதெல்லாம் ஸ்கேனரை மாட்டிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. ஒரு பொது எர்த் கெட்டால், அதை நம்பியிருக்கும் சென்சார்கள் எல்லாம் தாறுமாறாகப் பேசும். ஸ்கேனர் நாலைந்து பழுதுகளைப் பட்டியலிடும். பட்டியலைப் பார்த்துச் சென்சார்களை மாற்றினால், பழைய பேட்டரிக் கதையே பெரிய பில்லோடு திரும்ப நடக்கும்.

வாடிக்கையாளர் தரப்பிலும் கோளாறு உண்டு. ஐயாயிரம் ரூபாய் பேட்டரிக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறவர், "எர்த்தைத் தேய்ச்சு மாட்டினேன், ஐந்நூறு குடுங்க" என்று கேட்டால், "வெறும் தேய்ச்சதுக்கா?" என்கிறார். இப்படி இருக்கையில் எந்த எலக்ட்ரீஷியன் மீட்டரை எடுப்பார்? சோதனைக்கு என்று தனிக் கட்டணம் வாங்கட்டும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி எத்தனை வோல்ட், எர்த்தில் இழப்பு எத்தனை வோல்ட் என்ற இரண்டு எண்களையும் பில்லில் எழுதிக் கொடுக்கட்டும். அந்த எண்கள் இல்லாமல் பேட்டரியோ செல்ஃபோ மாற்றச் சம்மதிப்பதில்லை என்று உரிமையாளரும் உறுதியாக நிற்கலாம்.

எலெக்ட்ரிக் கார் வந்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: இன்று ஓடும் பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களிலும் சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அதற்கும் பாடி எர்த்தான். அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே மூடாது. நூறு சதவீதம் சார்ஜ் இருந்தும் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.