காரணம் பிறகுதான் வந்தது

1838 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். மார்மன்கள் என்ற மதப் பிரிவினரைப் பகைவர்களாக நடத்த வேண்டும், ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்றது அது. அடுத்த சில நாட்களில் ஹான்ஸ் மில் என்ற மார்மன் குடியிருப்பில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பத்து வயதுச் சிறுவனும் ஒருவன். மார்மன்கள் பலதார மணம் செய்தார்கள், அதனால் வெறுக்கப்பட்டார்கள், அதைக் கைவிட்டதும் நாடு அவர்களை ஏற்றுக்கொண்டது என்றுதான் இந்த வரலாற்றைப் பலரும் சொல்கிறார்கள். ஆண்டுக் கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. பலதார மணத்தை அவர்கள் வெளிப்படையாக அறிவித்ததே 1852இல்தான். மிசூரிக்காரர்களை உறுத்தியவை வேறு: கூட்டமாக வந்து நிலம் வாங்கினார்கள், ஒரே கட்டாக வாக்களித்தார்கள், அடிமை முறைக்கு எதிரானவர்களோ என்ற சந்தேகமும் அவர்கள்மேல் இருந்தது. வெறுப்பு முதலில் வந்தது, அதற்கு வசதியான காரணம் பிறகு கிடைத்தது.

பெண்களைக் காக்கத்தானே அரசு பலதார மணத்தில் தலையிட்டது என்று கேட்கலாம். பலதார மணத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் மார்மன்கள் பின்னர் குடியேறிய யூட்டாவில் பெண்களுக்கு 1870இலேயே வாக்குரிமை இருந்தது. பலதார மணத்தை ஒடுக்க 1887இல் வந்த எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் அந்த உரிமையையே பறித்தது. காக்கப்பட வேண்டியவர்களின் வாயை அடைப்பது என்ன பாதுகாப்பு? 1857இல் யூட்டாவின் மவுண்டன் மெடோஸில் மார்மன் படையினர் சுமார் 120 பயணிகளைக் கொன்றதையும் எடுத்துக்காட்டுவார்கள். அது மன்னிக்க முடியாத குற்றம், மறைக்கவும் கூடாது. கொன்றவர்களைத் தண்டிப்பது நீதி. அதற்காகப் பேரப்பிள்ளைகள்வரை சந்தேகப்படுவதை நீதி என்று சொல்ல முடியாது.

1890இல் மார்மன் திருச்சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது, 1896இல் யூட்டா மாநிலமானது. அதன் பிறகும், ஒரே மனைவியோடு வாழ்ந்த மார்மனான ரீட் ஸ்மூட் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வானபோது, அவருடைய தகுதி பற்றிய விசாரணை 1904 முதல் 1907 வரை நீண்டது. கேட்ட விலையைக் கொடுத்த பிறகும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. காலம் எதையும் மாற்றவில்லை என்று நான் சொல்லவில்லை. 1976இல் மிசூரி அந்த ஒழிப்பு ஆணையை முறைப்படி ரத்து செய்தது. 2012இல் மார்மனான மிட் ராம்னி ஒரு பெரிய கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரானார். ஒரு தலைவரை ஏற்பது வேறு, ஒரு சமூகத்தை நம்புவது வேறு. தகுதியுள்ளவராக இருந்தாலும் மார்மன் ஒருவருக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க மாட்டோம் என்று கேலப் நிறுவனக் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் 1967இல் 17 சதவீதம், 2012இல் 18 சதவீதம்.