பள்ளிக்குப் பணம்: அங்கே வாக்குச்சீட்டு, இங்கே சம்பளச்சீட்டு

உங்கள் பள்ளியில் அடுத்த ஆண்டு மனநல ஆலோசகர் இருப்பாரா, இசைக்குழு நடக்குமா என்பதை உங்கள் புளோக்கில் குடியிருப்பவர்கள் வாக்களித்து முடிவு செய்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஏறத்தாழ அப்படித்தான் நடக்கிறது.

அங்கே பள்ளிகளுக்கு மாநில அரசு தரும் பணம் பெரும்பாலும் போதாது. எனவே ஒவ்வொரு பள்ளி வட்டாரமும் தன் எல்லைக்குள் உள்ள வீடுகள்மீது கூடுதல் சொத்து வரி விதிக்க மக்களிடம் அனுமதி கேட்கிறது. இதை 'லெவி' என்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கான லெவி அதிகபட்சம் நான்கு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். காலம் முடிந்ததும் மறுபடியும் வாக்கெடுப்பு. 2025 பிப்ரவரியில் சியாட்டல் நகர வாக்காளர்கள் தங்கள் லெவியைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் எல்லா முறையும் மக்கள் ஒப்புக்கொள்வதில்லை. 1975ல் இதே சியாட்டலில் லெவி தோற்றது. ஆசிரியர்கள் உட்படப் பலர் வேலை இழந்தனர். பள்ளி வட்டாரம் மாநில அரசுமீது வழக்குத் தொடுத்தது. 1978ல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்டைக் கிழித்தது: அடிப்படைக் கல்விக்குப் பணம் தருவது அரசின் தலையாய கடமை, அது உள்ளூர் வாக்கெடுப்பை நம்பி இருக்கக்கூடாது. லெவி பணம் அதற்கு மேற்பட்ட கூடுதல் வசதிகளுக்குத்தான்.

சிங்கப்பூரில் இப்படி ஒரு வாக்கெடுப்பு இல்லை. நாம் செலுத்தும் சொத்து வரி நேராக மத்திய கருவூலத்துக்குப் போகிறது. பள்ளிகளுக்குக் கல்வி அமைச்சு பணம் தருகிறது. அண்மைய ஆண்டுகளில் அமைச்சின் செலவு 13 பில்லியன் வெள்ளியைத் தாண்டிவிட்டது.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை நான் வசிக்கும் புக்கிட் மேராவை வைத்துப் பார்க்கலாம். ரெட்ஹில்லிலும் ஜாலான் புக்கிட் மேராவிலும் வாடகை வீடுகள் இருக்கின்றன. சற்றுத் தள்ளி, கெப்பல் கடலோரத்தில் விலை உயர்ந்த கூட்டுரிமை வீடுகள். முதியோர் அதிகம் வசிக்கும் பழைய பேட்டை இது. இதை அமெரிக்கப் பள்ளி வட்டாரம்போல் ஆக்கினால் என்ன நடக்கும்? பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்ட தாத்தா, ஓய்வுக்காலச் சேமிப்பில் வாழ்பவர், கூடுதல் வரிக்கு ஆதரவாக வாக்களிப்பாரா? வாக்களித்தாலும், வீட்டு விலை அதிகமுள்ள புக்கிட் தீமாவுக்குக் கிடைக்கும் தொகை நமக்குக் கிடைக்குமா? பள்ளியின் தரம் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து மாறும் அந்த நிலையை நாம் தவிர்த்திருக்கிறோம். அது சிறிய விஷயமன்று.

இருந்தாலும், "கல்விக்கு அரசு மட்டுமே பணம் தருகிறது, சமூகத்துக்கு வேலையில்லை" என்று சொல்லிவிட முடியாது. இங்கே ஹெண்டர்சன் சாலையில் உள்ள கான் எங் செங் பள்ளியின் வரலாறு 1885ல் தொடங்குகிறது. அரசாங்கம் தராததை ஒரு வணிகர் தந்து, ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி முன்னெடுத்த 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குச் சாதாரணத் தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். கல்விக்காகச் சமூகம் கைகோத்துப் பணம் திரட்டுவது நமக்குப் பழகிய ஒன்று.

அதன் இன்றைய வடிவம் நம் சம்பளச்சீட்டில் இருக்கிறது. இந்திய மாணவர்களின் கல்வி நிலை குறித்த கவலையிலிருந்து 1991ல் பிறந்தது சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். வேலை செய்யும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மசேநிதி வழியாக மாதந்தோறும் அதற்கு ஒரு தொகை செல்கிறது. 2015ல் நடப்புக்கு வந்த விகிதப்படி, 1,000 வெள்ளி வரை சம்பாதிப்பவர் 1 வெள்ளி தருகிறார். 15,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிப்பவர் 30 வெள்ளி தருகிறார். சென்ற விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்தபோது என் சம்பளச்சீட்டிலும் அந்த ஒரு வெள்ளி இருந்தது.

இதற்குக் காலாவதி நாள் கிடையாது. புதுப்பிக்கும் வாக்கெடுப்பும் கிடையாது. ஆனால் விலகும் உரிமை உண்டு. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். அப்படிப் பார்த்தால், இதுவும் ஒருவகை வாக்கெடுப்புதான். நாம் ஒவ்வொரு மாதமும் பேசாமல் 'சரி' என்று வாக்களித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒப்பிட்டால் நம் சுமை சற்றுக் கூடுதல்தான். மாதம் 4,000 வெள்ளி சம்பளத்தில் வேலையைத் தொடங்கும் இந்தியப் பட்டதாரி சிண்டாவுக்கு 7 வெள்ளி, அதாவது ஆண்டுக்கு 84 வெள்ளி தருவார். அதே சம்பளம் வாங்கும் சீன நண்பர் சீனர்களுக்கான சுயஉதவிக் குழுவுக்கு மாதம் ஒன்றரை வெள்ளி தருவார். காரணம் எளிது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் சீனர்கள் 74 விழுக்காட்டுக்கும் மேல். இந்தியர்கள் 9 விழுக்காடு. ஒரு துணைப்பாட வகுப்பு நடத்த ஆகும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் தோள்கள் நம்மிடம் குறைவு.

என் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி கேட்டாள்: "பள்ளிக்குத்தான் நாம் ஏற்கெனவே வரி கட்டுகிறோமே, இன்னொரு முறை ஏன்? அதுவும் இனம் பார்த்து ஏன்?" இரண்டும் நியாயமான கேள்விகள்.

முதல் கேள்விக்கு சியாட்டல் தீர்ப்பு ஓர் அளவுகோலைத் தருகிறது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது அரசின் கடமை. தொடக்கநிலை ஒன்றில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கற்றல் ஆதரவுத் திட்டத்தைக் கல்வி அமைச்சே நடத்துகிறது. சமூகத்தின் பணம் அதற்கு மேற்பட்டதற்கு: வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குத் துணைப்பாடம், சிக்கலில் இருக்கும் குடும்பத்துக்கு ஆலோசனை, வழிகாட்டும் அண்ணன் அக்காக்கள். தொடக்கநிலை ஐந்தில் நானும் சிண்டாவின் துணைப்பாட வகுப்பில் கணிதம் படித்தேன். தனியார் வகுப்புக்குக் கட்ட அப்போது வீட்டில் வசதி இல்லை.

இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதான பதில் இல்லை. உதவி தேவைப்படும் பிள்ளை எந்த இனமாக இருந்தாலும் அதே உதவி கிடைக்க வேண்டும். ஆனால் தமிழில் மட்டுமே மனம்விட்டுப் பேசும் ஓர் அம்மாவை, அவருடைய வீட்டுச் சூழல் தெரிந்த தொண்டூழியர் எளிதில் அணுக முடியும் என்பதும் உண்மை. என்னைப் பொறுத்தவரை, இப்போதைக்கு அந்த அணுக்கம் 7 வெள்ளிக்குத் தகும். பத்தாண்டு கழித்தும் தகுமா என்று அப்போது மீண்டும் கேட்க வேண்டும்.

என் கவலை வேறு. சியாட்டலில் லெவி தோற்றால் மறுநாளே ஊர் முழுவதும் தெரியும்; பெற்றோர் கூடுவார்கள், விவாதிப்பார்கள். இங்கே ஒருவர் விலகினால் யாருக்கும் தெரியாது. நூறு பேர் விலகினாலும் பேச்சு எழாது. அதேபோல், விலகாமல் இருக்கும் நாமும் பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. லெவி கேட்கும் பள்ளி வட்டாரம் ஒவ்வொரு முறையும் கணக்குச் சொல்லியாக வேண்டும். நம் முறையில் கணக்கு வெளியிடப்பட்டாலும், அதைத் தேடிப் படிக்க வேண்டியது நாம்தான்.

எனவே, உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் நண்பர்களுக்கு என் பரிந்துரை இது. முதல் சம்பளச்சீட்டு கைக்கு வந்ததும் அந்தச் சிறிய வரியைத் தேடிப் பாருங்கள். சிண்டாவின் ஆண்டறிக்கையைப் படியுங்கள்: எத்தனை மாணவர் பயன்பெற்றனர், நிர்வாகச் செலவு எவ்வளவு, எந்தத் திட்டம் நின்றது? முடிந்தால் ஒரு தவணையாவது துணைப்பாட வகுப்பில் தொண்டூழியம் செய்யுங்கள். அறிக்கையில் இல்லாததும் அங்கே தெரியும். அதன் பிறகு தொடர்வதா, கூட்டுவதா, விலகுவதா என்று முடிவெடுங்கள். எந்த முடிவாக இருந்தாலும் சரி, அது நீங்கள் எடுத்த முடிவாக இருக்கட்டும்.