வாரத்தில் ஒரு வேளை

வணிகப் பெருமக்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படித்ததும் சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் பரவாயில்லை, முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

காலை ஐந்தரைக்குக் கடை திறக்கிறோம். பால், டீத்தூள், சீனி என்று வருகிறவர்களை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் எட்டு மணி. பிறகு லாரி ஆபீசுக்கு ஆள் அனுப்புவது, கம்பெனி சேல்ஸ்மேன்களுக்குப் பதில் சொல்வது, பற்று நோட்டைப் புரட்டுவது. மத்தியானச் சாப்பாடு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். இரவு பத்துக்கு ஷட்டரை இறக்கிய பிறகும் ஜி.எஸ்.டி. கணக்கு பாக்கி இருக்கும். ராஜபாளையத்திலும் இதுதான் நிலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதுதான் நிலை. 2021-இல் தமிழக அரசு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு முதலாளி எழுந்திருக்க யார் சட்டம் போடுவது?

நம்மிடம் ஒரு ஆர்மோனியப் பெட்டி உண்டு. வாலிப வயதில் மார்கழி பஜனைக்கு வாசித்தது. கடைப் பொறுப்பு தலையில் விழுந்த வருஷம் உள்ளறையில் வைத்தோம். சென்ற தை மாதம் வெள்ளையடிக்க மூட்டைகளை நகர்த்தியபோது வெளியே வந்தது. துருத்தியை எலி கடித்திருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊருக்கு வந்திருந்த மகன், "இது யாருதுப்பா?" என்று கேட்டதுதான் பொறுக்கவில்லை. அன்று இரவே கடையை எடுத்து நடத்துகிறாயா என்று அவனிடம் கேட்டோம். வேண்டாம் என்றான். "வருமானத்துக்காகச் சொல்லலப்பா. ராத்திரி எங்களோட உக்காந்து நீங்க சாப்பிட்டதே இல்லையே" என்றான். பிள்ளைகள் கடைக்கு வரமாட்டேன் என்கிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் பேசாத உறுப்பினர் இல்லை. பெரிய அங்காடிகளையும் செல்போன் வியாபாரத்தையும் காரணம் காட்டுகிறோம். நம் பிழைப்பைப் பார்த்தே பயந்து ஓடுகிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

வியாபாரிக்கு எதற்கு ஆர்மோனியம் என்று கேட்பவர்கள் நாகர்கோவிலைப் பார்க்கட்டும். அங்கே ஜவுளிக்கடை நடத்தியவர்தான் சுந்தர ராமசாமி (1931-2005). 1966-இல் 'ஒரு புளியமரத்தின் கதை', 1981-இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' என்று தமிழில் நிலைத்த நாவல்களை எழுதினார். 1988-இல் 'காலச்சுவடு' பத்திரிகையைத் தொடங்கினார். 'காகங்கள்' என்ற பெயரில் அவர் நடத்திய சந்திப்புகளில் எழுத்தாளர்களும் இளைஞர்களும் கூடிப் பேசுவார்கள். புளியமரத்துக் கதையில் வருவது முழுக்கக் கடைத்தெரு மனிதர்கள். கடையில் உட்கார்ந்து பழகியவன் கண்ணுக்கு அவர்கள் எளிதில் பிடிபடுவார்கள். நம்மிடம் ஒரு நாளைக்கு இருநூறு பேர் வந்து நிற்கிறார்கள். முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். இத்தனை மனிதர்களை அறிகிற வாய்ப்பு எந்த ஆபீசருக்கு உண்டு? நம் பக்கத்துக் கோவில்பட்டியில் நகைக்கடை வைத்திருந்த தேவதச்சன் கவிஞராகப் பெயர் பெற்றவர். 2015-இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தது.

அதற்காகத் தொழிலை விடச் சொல்லவில்லை. கும்பகோணத்தில் பட்டுச் சரிகை வியாபாரம் செய்த எம்.வி. வெங்கட்ராம், 'காதுகள்' நாவலுக்கு 1993-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற பெரிய எழுத்தாளர். அவர் கைப்பணம் போட்டு நடத்திய 'தேனீ' பத்திரிகை நிலைக்கவில்லை. முதலைக் கரைத்து ஆசையை வளர்ப்பது வியாபாரி செய்கிற வேலை அல்ல. நாம் கேட்பது நேரம்தான்.

நம் இரண்டு ஊருக்கும் இது புதிதும் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த பெரியாழ்வார்தான் பாசுரமும் பாடினார். அதே ஊரில் 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. ராஜபாளையத்தில், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அந்த வாசல் வழியாகத் தினமும் டி.வி.எஸ்.ஸில் மூட்டை கொண்டுபோகிற நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்?

போக முடியாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. நாம் மூடினால் எதிர்க்கடை திறந்திருக்கும். ஒரு நாள் அங்கே போன வாடிக்கையாளர் மறுநாளும் அங்கேயே போய்விடுவாரோ என்ற பயம். எதிர்க்கடைக்காரருக்கும் அதே பயம். இப்படி ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டு இரண்டு பேரும் கிழவராகிறோம்.

1947-இல் வந்த கடைகள் சட்டம், வாரத்தில் ஒரு நாள் கடையை முழுதும் மூட வேண்டும், எந்த நாள் என்று கடையிலேயே எழுதித் தொங்கவிட வேண்டும் என்றது. அப்படித் தொங்கவிட்ட மளிகைக்கடையை நாம் பார்த்ததில்லை. 2019-இல் தமிழக அரசு, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகள் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டது. பத்துப் பேர் இருந்தால் முறை வைத்து நிற்கலாம். கணவனும் மனைவியும் ஒரு பையனும் நடத்துகிற கடை எப்படி முறை வைக்கும்?

ஆகவே நம் யோசனை இது. இரண்டு ஊர் மளிகைக்கடைகளும் மொத்தக் கடைகளும் வாரத்தில் ஒரு பிற்பகல், இரண்டு மணிக்கு மேல் சேர்ந்து மூட வேண்டும். முழு நாள் கேட்கவில்லை. ஞாயிறும் வேண்டாம், மில் தொழிலாளர் குடும்பங்கள் சாமான் வாங்க வருகிற நாளில் மூடுவது புத்தி அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் சனிக்கிழமை கோயில் கூட்டத்தை விட முடியாது. வியாபாரம் மந்தமான செவ்வாயோ புதனோ எடுத்துக்கொள்ளலாம். மருந்துக்கடை, பால் இதில் சேராது. ஆடிப்பூரத் தேர் ஓடுகிற நாளில் வியாபாரத்தை மறந்து வடம் பிடிக்கிறோமே, அன்று எதிர்க்கடைக்காரர் பக்கத்தில் நிற்கிறார், கடன் பாக்கி வைத்தவரும் நிற்கிறார். அதனால் யாருக்கும் வாடிக்கை போனதில்லை.

பெரிய அங்காடி மூடாது, செல்போன் மூடாது என்பீர்கள். உண்மை. கொஞ்சம் விற்பனை போகும், மறைக்கவில்லை. ஆனால் பற்று நோட்டில் எழுதி வாங்குகிற குடும்பம் ஒரு பிற்பகலுக்காக நம்மை விட்டுப் போகாது. அலுத்துச் சலித்த கடைக்காரர் எரிந்து விழுந்தால்தான் போகும். அப்படிப் போனவர்களை நமக்கே தெரியும்.

நம் தெருவில் ஏழு கடைகள். ஐந்து பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆறாமவர் எதிர்க்கடைக்காரர் சம்மதித்தால் தாமும் சரி என்கிறார். எதிர்க்கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார். இருவரையும் அடுத்த சங்கக் கூட்டத்துக்குச் சேர்த்தே அழைத்து வருகிறோம். மற்றத் தெருக்காரர்களும் தங்களுக்குத் தோதான கிழமையைக் கலந்து பேசி எழுதிக்கொண்டு வாருங்கள்.